தூக்கம் ஏன் வருகிறது, ஏன் வர மறுக்கிறது?

இரவில் சரியாகத் தூக்கம் வராத ஒருவர் பொதுவாக மூன்று காரியங்களைச் செய்கிறார். முந்தைய இரவு விட்டுப்போன தூக்கத்தை ஈடுகட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு, வழக்கத்தைவிட முன்னதாகவே படுக்கப் போகிறார். காலையில் எழ வேண்டிய நேரம் வந்த பிறகும், இன்னும் அரை மணி நேரம் கண்ணை மூடிக் கிடந்தால் கொஞ்சமாவது தெம்பு வரும் என்று புரண்டுகொண்டிருக்கிறார். மதியம் சாப்பிட்டதும் ஒரு தூக்கம் போட்டுவிடுகிறார். பார்வைக்கு மூன்றுமே நியாயமானவைதான். ஆனால் ஒரு கடன் கவலையாலோ காய்ச்சலாலோ சில நாள் சிரமமாகத் தொடங்கிய தூக்கமின்மையைப் பல ஆண்டுத் தொல்லையாக வளர்த்துவிடுபவை பெரும்பாலும் இந்த மூன்று காரியங்களே. இது ஏன் என்று புரிய, தூக்கம் எப்படி வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு விசைகள்

தூக்கத்தை இரண்டு விசைகள் சேர்ந்து ஆள்கின்றன என்ற விளக்கத்தை, சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆய்வு செய்துவந்த அலெக்சாண்டர் போர்பேலி 1982ஆம் ஆண்டில் முன்வைத்தார். நாற்பது ஆண்டுகள் கடந்த பின்பும் தூக்க மருத்துவத்துக்கு அதுவே அடித்தளமாக இருக்கிறது.

முதல் விசை, தூக்க அழுத்தம். நாம் கண் விழித்த கணத்திலிருந்தே இது மெல்ல ஏறத் தொடங்குகிறது. மூளைச் செல்கள் ஆற்றலைச் செலவழிக்கும்போது அடினோசின் என்ற வேதிப்பொருள் அவற்றைச் சுற்றிச் சேர்கிறது. விழித்திருக்கும் நேரம் நீள நீள அதன் அளவு கூடி, நம்மை விழிப்பாக வைத்திருக்கும் நரம்பு மையங்களின் வேகத்தைக் குறைக்கிறது. தூங்கும்போது, அதிலும் ஆழ்ந்த தூக்கத்தின்போது, இந்த அழுத்தம் வடிந்துவிடுகிறது. இதைப் பசியோடு ஒப்பிடலாம். மாலை ஆறு மணிக்கு ஒரு தட்டு பஜ்ஜியைக் காலி செய்தவருக்கு எட்டு மணிக்குச் சோறு இறங்காது. அதேபோல, மாலையில் தொலைக்காட்சியின் முன் நாற்காலியிலேயே கண்ணயர்ந்து எழுந்தவருக்கு இரவுத் தூக்கம் எளிதில் வருவதில்லை. மதியத் தூக்கத்தை முழுவதுமாக விலக்க வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல. இரவில் நன்றாகத் தூங்குபவர் மூன்று மணிக்குள் இருபது நிமிடம் கண்ணயர்ந்தால் கெடுதல் ஒன்றுமில்லை. இரவில் தூக்கம் வராதவர் மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கினால், இரவுக்கென்று சேர்த்து வைக்க வேண்டிய அழுத்தத்தில் பெரும்பகுதியைப் பகலிலேயே செலவழித்துவிடுகிறார்.

காபியின் வேலையும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. கஃபீன் மூளைக்குப் புதிதாக எந்தத் தெம்பையும் கொடுப்பதில்லை. அடினோசின் சென்று அமர வேண்டிய ஏற்பிகளில் தான் அமர்ந்துகொண்டு, அழுத்தம் ஏறியிருப்பதை மூளை உணராதபடி மறைக்கிறது. உடலில் கஃபீனின் அளவு பாதியாகக் குறைவதற்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆளுக்கு ஆள் இது மாறும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் நீளும். மாலை ஐந்து மணிக்குக் குடித்த ஒரு டம்ளர் காபியின் கஃபீனில் பாதி இரவு பத்து மணிக்கும், கால் பங்கு அதிகாலை மூன்று மணிக்கும் உடலில் இருக்கும் என்று இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். ‘நான் ராத்திரி காபி குடித்துவிட்டே படுப்பேன், எனக்கு ஒன்றும் ஆகாது’ என்று சொல்பவர்களை எல்லாக் குடும்பத்திலும் பார்க்கலாம். அவர்களுக்குத் தூக்கம் வருவது உண்மையே. ஆனால் அந்தத் தூக்கத்தில் ஆழ்ந்த பகுதி குறைகிறது என்பதைத் தூங்குகிறவர் தாமே உணர வழியில்லை. தேநீர், கோலா பானங்கள் ஆகியவற்றிலும் கஃபீன் உண்டு. காபித்தூள் சேர்க்காத சுக்கு மல்லிக் காபிக்கு இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது விசை, உடல் கடிகாரம். 1729ஆம் ஆண்டில் பிரெஞ்சு வானியலாளர் டி மெரான் ஒரு செடியை இருட்டறையில் வைத்துப் பார்த்தார்; அது தொட்டாற்சிணுங்கி என்பது பொதுவான கருத்து. வெளிச்சமே படாதபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் மூடிக்கொண்டன. கடிகாரம் வெளியே இல்லை, செடிக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு அது முதல் தடயமாக அமைந்தது. அந்தக் கடிகாரத்தின் மரபணுச் சக்கரங்கள் எவ்வாறு சுழல்கின்றன என்று ஈக்களில் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனிதருக்கு இந்தக் கடிகாரத்தின் தலைமையகம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சிறு திரளாக அமைந்திருக்கிறது.

கண் நரம்புக்கு அருகில் அது அமைந்திருப்பது தற்செயலல்ல. மனிதக் கடிகாரத்தின் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலானது. தானாக ஓட விட்டால் நாளுக்கு நாள் பின்தங்கிக்கொண்டே போகும். அதை ஒவ்வொரு நாளும் நேரத்துக்குத் திருப்பி வைப்பது முக்கியமாகக் காலை வெளிச்சம். வீட்டுக்குள் எரியும் குழல்விளக்கின் ஒளி சில நூறு லக்ஸ் அளவைத் தாண்டுவதில்லை. மொட்டை மாடியிலோ வாசலிலோ, நிழலில் நின்றால்கூடப் பகல் ஒளி பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். எனவே எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரம் வெளியே நடப்பது தூக்கத்துக்கான மருந்துகளில் செலவே இல்லாதது. அது வேலை செய்வது உடனடியாக அல்ல, அன்று இரவில்.

மாலையில் ஒளி மங்க, கடிகாரத்தின் கட்டளைப்படி மூளையிலுள்ள பீனியல் சுரப்பி, இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் என்ற இயக்குநீரை (ஹார்மோன்) சுரக்கத் தொடங்குகிறது. இரவு விளக்குகளும் திரைகளும் அதைத் தள்ளிப்போடுகின்றன. கைப்பேசியின் நீல ஒளியைப் பற்றிச் சொல்லப்படும் அளவுக்கு அந்த ஒளி மட்டுமே குற்றவாளி என்று எனக்குத் தோன்றவில்லை. திரையின் நிறத்தை மஞ்சளாக மாற்றிவிட்டு நள்ளிரவு வரை குடும்பக் குழுவில் வாக்குவாதம் செய்பவருக்கு, மஞ்சள் நிறம் எந்த உதவியும் செய்யாது. பரபரப்பும், ‘இன்னும் ஒன்றே ஒன்று’ என்ற இழுப்பும் ஒளியைவிடப் பெரிய தடைகள்.

கடிகாரத்தின் ஒரு விசித்திரத்தை இங்கே கவனிக்க வேண்டும். நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் அது நம்மை விழிப்பாக வைத்திருக்கவே முயல்கிறது. பகல் முழுவதும் ஏறிவந்த தூக்க அழுத்தத்தை எதிர்த்து நின்று, நாளின் கடைசிப் பொழுதைக் கடக்க உதவும் ஏற்பாடு அது. வழக்கமாகப் பதினொரு மணிக்குத் தூங்குபவர், நேற்றைய தூக்கம் போய்விட்டதே என்று எட்டரை மணிக்குப் படுத்தால், உடல் மிக உறுதியாக விழித்திருக்கும் நேரத்தில் படுக்கிறார். தூக்கம் வராமல் இரண்டு மணி நேரம் புரண்டுவிட்டு, தமக்கு ஏதோ பெரிய கோளாறு என்று முடிவு செய்கிறார். உண்மையில் கோளாறு எதுவும் இல்லை, நேரம்தான் தவறு.

ஓர் இரவின் அமைப்பு

தூக்கம் என்பது மூளை அணைந்து கிடக்கும் நிலை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1953ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும், தூங்குகிறவர்களின் கண்கள் சில வேளைகளில் மூடிய இமைக்குள் விரைந்து அசைவதையும், அப்போது எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொல்வதையும் வெளியிட்ட பிறகு அந்த எண்ணம் மாறியது.

ஓர் இரவில் நாம் சுமார் 90 நிமிடங்கள் கொண்ட சுற்றுகளை நான்கு அல்லது ஐந்து முறை கடக்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் மேலோட்டமான தூக்கம், இடைநிலைத் தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் ஆகியவை மாறி மாறி வருகின்றன. ஆனால் எல்லாச் சுற்றுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. கனவுத் தூக்கம் பின்னிரவில், விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. வளர்ச்சி இயக்குநீர் பெருமளவில் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில்; பகலில் கற்றவை மனத்தில் நிலைபெறுவதில் இரண்டு வகைத் தூக்கத்துக்கும் பங்கு உண்டு.

‘சரியாக மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது’ என்று பலர் அஞ்சிச் சொல்வதன் விளக்கமும் இதில் இருக்கிறது. அதிகாலையில் ஆழ்ந்த தூக்கம் ஏறக்குறைய முடிந்திருக்கும், தூக்க அழுத்தமும் பெருமளவு வடிந்திருக்கும். மிஞ்சியிருப்பது மெல்லிய தூக்கமே. நல்ல தூக்கம் உள்ளவர்களும் இரவில் பலமுறை சில நொடிகள் விழித்து, காலையில் அதை மறந்துவிடுகிறார்கள். அந்த விழிப்பின்போது கையை நீட்டிக் கைப்பேசியில் மணி பார்த்து, ‘இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது’ என்று கணக்குப் போடத் தொடங்குபவரே உண்மையில் முழுவதுமாக விழிக்கிறார். படுக்கையிலிருந்து பார்க்க முடியாத இடத்தில் கடிகாரத்தை வைப்பது சிறு மாற்றம்தான், பலன் சிறியதல்ல.

வயதுக்கு ஏற்பத் தேவையும் மாறுகிறது. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். பள்ளி செல்லும் சிறுவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு, பதின்பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து. முதுமையில் ஆழ்ந்த தூக்கம் குறைந்து, கடிகாரமும் முன்னே நகர்கிறது. இரவு எட்டு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்து கூடத்தில் உலாவும் தாத்தாவுக்குத் தூக்கம் கெட்டுவிட்டது என்று வீட்டார் கவலைப்படுகிறார்கள். அவர் ஏழு மணி நேரம் தூங்கி முடித்துவிட்டார். மாலையில் அவரை வெளிச்சத்தில் சற்று நடக்க வைத்து, படுக்கும் நேரத்தை மெல்லத் தள்ளிவைத்தால் விழிக்கும் நேரமும் தள்ளிப்போகும்.

தூக்கமின்மை எப்படி வேர்விடுகிறது

வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதங்களுக்குக் குறையாமல், தூங்குவதற்கு வாய்ப்பும் நேரமும் இருந்தும் தூக்கம் வராமலோ நிலைக்காமலோ பகல் வாழ்க்கை பாதிக்கப்பட்டால், அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். இரவு ஒரு மணி வரை வேலை பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு எழுபவருடைய சிக்கல் இதுவல்ல. அவருக்குத் தூக்கம் இருக்கிறது, நேரம் இல்லை.

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987ஆம் ஆண்டில் இதற்குச் சொன்ன விளக்கம் எளிமையானது. சிலருக்கு இயல்பிலேயே லேசான தூக்கம் இருக்கிறது. ஒரு நாள் வேலை இழப்போ, நெருங்கியவரின் மரணமோ, பிரசவமோ வந்து அதைக் குலைக்கிறது. அந்தக் காரணம் சில வாரங்களில் தணிந்துவிடுகிறது. ஆனால் அதைச் சமாளிக்க அவர் கைக்கொண்ட பழக்கங்கள் தங்கிவிடுகின்றன. முன்னதாகப் படுப்பது, தாமதமாக எழுவது, பகலில் தூங்குவது, படுக்கையிலேயே கிடந்து தூக்கத்துக்குக் காத்திருப்பது ஆகியவைதான் அவை. நாளடைவில் படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. இத்தகையவர் கூடத்து நாற்காலியில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது கண் சொக்கும். விளக்கை அணைத்துப் படுக்கையில் சாய்ந்ததும் தூக்கம் பறந்துவிடும். இந்த ஓர் அடையாளத்தை வைத்தே பல வேளைகளில் சிக்கலை அறிந்துகொள்ளலாம்.

சிகிச்சை இந்தக் கற்றலைத் தலைகீழாக்குவதுதான். அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016ஆம் ஆண்டில், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைகளுக்கு முன்பாகத் தரப்பட வேண்டிய முதல் சிகிச்சை, சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் சிகிச்சையே என்று பரிந்துரைத்தது. அதன் ஒரு தூணை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972ஆம் ஆண்டிலேயே வகுத்தார்: களைப்பு வந்ததும் அல்ல, கண் சொக்கும்போது மட்டுமே படுக்க வேண்டும், தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிட வேண்டும், மீண்டும் கண் சொக்கும்போதுதான் திரும்ப வேண்டும், எத்தனை முறை எழ நேர்ந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். ‘வேறு அறைக்குச் செல்லுங்கள்’ என்று மேலைநாட்டுக் கையேடுகள் சொல்லும். ஒரே அறையில் ஐந்து பேர் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் அது நடவாது. பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சுவரோரமாகவோ திண்ணையிலோ மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாலும் போதும். படுத்த நிலையில் விழித்துக் கிடக்கக் கூடாது என்பதே நோக்கம்.

இன்னொரு தூண், படுக்கை நேரத்தைச் சுருக்குவது. இதைக் கேட்டதும் நோயாளிகளுக்குக் கோபம் வருவது இயல்பு. தூக்கமே இல்லை என்று வந்தவரிடம் படுக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்கிறார்களே என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஒருவர் இரவு 9:30க்குப் படுத்துக் காலை 6:00 மணிக்கு எழுகிறார் என்று கொள்வோம். படுக்கையில் எட்டரை மணி நேரம். இரண்டு வாரம் காலைதோறும் குறித்துப் பார்த்ததில், சராசரியாக ஐந்தரை மணி நேரமே தூங்கியது தெரிகிறது. படுக்கையில் கழித்த நேரத்தில் 65 சதவீதம் மட்டுமே தூக்கம். மிச்சம் மூன்று மணி நேரமும் கூரையைப் பார்த்துக் கிடந்த நேரம். இப்போது எழும் நேரத்தை 6:00 மணி என்று மாற்றாமல் வைத்துக்கொண்டு, படுக்கும் நேரத்தை 12:30க்குத் தள்ளுகிறார்கள். முதல் சில நாட்கள் பகல் முழுவதும் தள்ளாட்டமாக இருக்கும். மாலையில் சொக்கும் கண்ணைத் திறந்து வைத்திருப்பது பெரும்பாடு. ஆனால் தூக்க அழுத்தம் நாளுக்கு நாள் ஏறி, 12:30க்குப் படுத்தவுடன் தூக்கம் பிடிக்கத் தொடங்கும். ஐந்தரை மணி நேரத்தில் ஐந்து மணி நேரம் உடையாமல் தூங்கினால் அது 91 சதவீதம். 85 சதவீதத்தைத் தாண்டி நிலைத்ததும் வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் வீதம் படுக்கும் நேரத்தை முன்னே கொண்டுவருகிறார்கள். தூக்கத்தின் அளவு பிறகு கூடும். முதலில் அதன் துண்டுகள் ஒன்றுசேர வேண்டும்.

இந்த முறையில் படுக்கை நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோவதில்லை. வலிப்பு நோய், இருமுனை மனநோய், தூக்கத்தில் நடக்கும் பழக்கம் ஆகியவை உள்ளவர்களும், பேருந்து, லாரி ஓட்டுபவர்களும் மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் இதைத் தாமாக முயலக் கூடாது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில் மாற்றம் தெரியும்.

கவலை வேறு ஒரு பக்கம். படுத்ததும் மனத்தில் வரிசை கட்டும் சிந்தனைகளுக்கு, மாலையிலேயே பத்து நிமிடம் ஒதுக்கி, மறுநாள் செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதி வைப்பது உதவும். தூங்க வேண்டும் என்று முயல்வதைக் கைவிடுவது அதைவிட உதவும். தூங்க முயலும் முயற்சியே விழிப்பைக் கூட்டிவிடுகிறது.

குறட்டைக்கு நடுவே ஓர் அமைதி

எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் அடித்துப்போட்டது போல் எழுபவருக்கு மேலே சொன்ன எதுவும் பயன்படாது. அவருடைய தூக்கத்தை அவருடைய தொண்டையே கலைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

நம் வீடுகளில் குறட்டை கேலிப் பொருள். ஆழ்ந்து தூங்குவதன் அடையாளம் என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்வதால் காற்றுப் பாதை குறுகி, அதன் ஓரங்கள் அதிர்வதே குறட்டை. சிலருக்கு அந்தப் பாதை முழுவதுமாக மூடிவிடுகிறது. அருகில் படுத்திருப்பவர் கவனித்தால் இப்படி இருக்கும்: குறட்டை ஏறிக்கொண்டே போய், திடீரென்று நின்றுவிடும். ‘அப்பாடா’ என்று அருகில் இருப்பவர் நிம்மதி அடைவது அந்த நேரத்தில்தான். ஆனால் மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயன்று துடித்துக்கொண்டிருக்கும். காற்று உள்ளே போகாது. பத்து நொடி, இருபது நொடி, சிலருக்கு அதற்கும் மேல். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி எழுப்ப, ஒரு பெரும் செருமலோடு மூச்சு திரும்பும். தூங்குகிறவருக்கு இதில் எதுவுமே தெரியாது.

பத்து நொடிகளுக்குக் குறையாத இத்தகைய தடைகள் மணிக்கு ஐந்தைத் தாண்டினால் தூக்க மூச்சுத் தடை நோய் என்றும், முப்பதைத் தாண்டினால் கடுமையானது என்றும் கணக்கிடுகிறார்கள். உயர் இரத்த அழுத்தம், காலைத் தலைவலி, மறதி, எரிச்சல், வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது ஆகியவை இதன் தொடர்ச்சி. இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதைச் சர்க்கரை நோய் அல்லது புராஸ்டேட் என்று எண்ணிச் சோதித்துக்கொண்டே இருப்பவர்களில் சிலருக்கு உண்மைக் காரணம் இந்த மூச்சுத் தடையாக இருக்கும். பருமனும் தடித்த கழுத்தும் இதற்கு முக்கியக் காரணங்கள் என்றாலும், கீழ்த்தாடை சிறிதாக உள்ள ஒல்லியானவர்களுக்கும் இது வரும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் கூடுகிறது. குழந்தை தினமும் குறட்டை விட்டால் அடினாய்டு, டான்சில் வீக்கத்தைப் பார்க்க வேண்டும்.

மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்குவதோ, ‘இரண்டு பெக் போட்டால் நன்றாகத் தூங்கலாம்’ என்ற நண்பரின் யோசனையைக் கேட்பதோ இந்த நோயில் அபாயமானது. இரண்டுமே தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி மூச்சுத் தடையை அதிகமாக்கும். மூச்சுத் தடை இல்லாதவருக்கும் மது நல்ல தூக்கம் தருவதில்லை. படுத்ததும் தூக்கம் பிடிக்கும், பின்னிரவில் மதுவின் வேகம் இறங்கியதும் தூக்கம் துண்டு துண்டாகும்.

1981ஆம் ஆண்டில் சிட்னி பல்கலைக்கழகத்தின் காலின் சல்லிவன் விவரித்த முறையே இன்றும் முதன்மைச் சிகிச்சை. முகமூடி வழியாகச் சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டைப் பாதை மூடாமல் திறந்து வைக்கும் சிறு கருவி அது. முகமூடியோடு தூங்கப் பழகுவது எளிதல்ல என்பதால் பலர் முதல் வாரத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். முகமூடியின் அளவைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தவர்கள் அதைத் தேடுகிறார்கள். எடை குறைப்பதும், பக்கவாட்டில் படுப்பதும் துணை செய்யும்.

மற்றவை

மாலையிலும் இரவிலும் கால்களுக்குள் ஏதோ ஊர்வதுபோல், குடைவதுபோல் இருந்து, அசைத்தால் மட்டுமே அடங்கும் என்றால் அது அமைதியற்ற கால் நோயாக இருக்கலாம். யாராவது காலைப் பிடித்துவிட்டால் தேவலை என்று பெண்கள் பலர் சொல்வதைச் சோர்வு என்று தள்ளிவிடுகிறோம். உடலில் இரும்புச்சத்து இருப்பு குறைவதோடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. கர்ப்ப காலத்தில் கூடும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைச் சோதித்துப் பார்ப்பது அவசியம். சாப்பாட்டோடு தேநீர் குடிப்பது இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

கண் விழித்தும் கை கால் அசையாமல், மார்பின் மேல் யாரோ உட்கார்ந்து அழுத்துவதுபோல் தோன்றுவதை நம் ஊர்களில் அமுக்குவான் பேய் என்பார்கள். கனவுத் தூக்கத்தில், கனவுக்கேற்ப உடல் எழுந்து ஓடிவிடாமல் இருக்கத் தசைகளை மூளை செயலிழக்கச் செய்து வைத்திருக்கிறது. மனம் விழித்த பின்பும் அந்தப் பூட்டு சில நொடிகள் திறக்காமல் இருப்பதே இது. தூக்கம் குறைந்தவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் கூடுதலாக வரும். அபாயம் இல்லாதது. தலையணைக்கு அடியில் இரும்பு வைத்துக்கொண்டால் தைரியமாகத் தூங்க முடிகிறது என்றால் வைத்துக்கொள்வதில் கெடுதல் இல்லை.

பதின்பருவத்தில் உடல் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்தள்ளிப் போகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வராத மகனைச் சோம்பேறி என்று திட்டுவதும், பதினொரு மணிக்குப் படுத்தவனைப் பொதுத்தேர்வுக்காக நான்கு மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பதும் நம் வழக்கம். ஐந்து மணி நேரத் தூக்கத்தில் வெட்டப்படுவது பெரும்பாலும் பின்னிரவின் கனவுத் தூக்கம். படித்தது நிலைப்பதற்குத் தேவையான நேரத்தைப் படிப்பதற்காகவே வெட்டுகிறோம். இந்த வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

இரவுப் பணி செய்பவர்களுக்கு முழுத் தீர்வு கிடையாது. பணி முடிந்து வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிந்து காலை வெயிலைத் தவிர்ப்பது, அறையை இருட்டாக்கிக்கொள்வது, அந்த நேரத்தில் அழைப்பு மணியையும் கைப்பேசியையும் அணைத்து வைக்க வீட்டாரைச் சம்மதிக்க வைப்பது ஆகியவை ஓரளவு உதவும்.

மாத்திரை, மருத்துவர்

தூக்கத்துக்காக எடுக்கப்படும் அல்பிரசோலம், சோல்பிடெம் போன்ற மாத்திரைகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஒரு மரணம், ஓர் அறுவை சிகிச்சை போன்ற நெருக்கடியில் சில நாட்களுக்கு அவை பயன்படலாம். மாதக்கணக்கில் எடுக்கும்போது அதே அளவு பலன் தராமல் போகிறது. நிறுத்தினால் தூக்கமின்மை முன்பைவிடக் கடுமையாகத் திரும்பி, மாத்திரை இல்லாமல் முடியாது என்ற எண்ணத்தை உறுதிப்படுத்துகிறது. முதியவர்கள் இரவில் எழும்போது தடுமாறி விழுவதற்கும், இடுப்பெலும்பு முறிவதற்கும், குழப்பத்துக்கும் இவை காரணமாகின்றன. சளிக்குக் கொடுக்கும், தூக்கம் வரவைக்கும் மாத்திரைகளைத் தினமும் போட்டுக்கொள்வதும் முதியவர்களுக்கு நல்லதல்ல. தூக்க மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுத்து வருபவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது, வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் வேகத்தில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

தூக்கமின்மைக்குப் பின்னால் மனச்சோர்வு, தைராய்டு மிகைச் சுரப்பு, நெஞ்செரிச்சல், நாள்பட்ட வலி ஆகியவை ஒளிந்திருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையும், மாலையில் போடும் சிறுநீர் மாத்திரையும்கூடக் காரணமாகலாம். ஆகவே முதலில் குடும்ப மருத்துவரிடம் செல்வதே முறை. மூச்சுத் தடை என்று ஐயம் வந்தால் அவர் நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ அனுப்புவார். தலையிலும் மார்பிலும் விரலிலும் உணரிகளைப் பொருத்தி ஓர் இரவு முழுவதும் பதிவு செய்யும் தூக்கப் பரிசோதனை அங்கே நடக்கும். இன்று வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய வடிவமும் கிடைக்கிறது.

போகும்போது மூன்று பொருள்களைக் கொண்டுபோனால் மருத்துவரின் வேலை பாதியாகக் குறையும். படுத்த நேரம், ஏறத்தாழ எப்போது தூக்கம் பிடித்தது, எத்தனை முறை விழிப்பு, எழுந்த நேரம், பகல் தூக்கம், காபி, தேநீர் ஆகியவற்றை இரண்டு வாரம் காலைதோறும் குறித்த தாள் ஒன்று. எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும் அவை எடுக்கும் நேரமும் இன்னொன்று. குறட்டை இருந்தால், வீட்டில் ஒருவரைக் கைப்பேசியில் ஐந்து நிமிடம் எடுக்கச் சொன்ன காணொளி மூன்றாவது. குறட்டை நிற்கும் இடத்தில் பதிவை நிறுத்திவிடாமல், மூச்சு திரும்பும் வரை எடுக்கச் சொல்ல வேண்டும்.